நாலாவது ஓரம்

பிளேடுக்காரரின் கடைக்கு சோபா கொண்டுவந்து போட்டவர்கள் யாரும் அந்த மனுஷனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அதே நேரத்தில் வேறு கடைக்குப் போனதும் கிடையாது. போய் என்ன செய்ய? அவர் தைத்த சோபா பதினைந்து வருஷம் உழைக்கும். அந்தப் பதினைந்து வருஷமும், அதை வாங்கப் போன அன்று அவர் திட்டிய திட்டும் சேர்ந்தே உழைக்கும்.

"இத யாரு தச்சது? கண்ண மூடிக்கிட்டு தச்சானா, காலால தச்சானா?" என்றுதான் ஆரம்பிப்பார். வந்தவர் கூசிக் குறுகி, வேறு கடையின் பெயரை முணுமுணுப்பார். "அங்க கொடுத்தீங்களா? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று அடுத்தது வரும். வேலை கொடுக்க வந்தவன் பணமும் கொடுத்துத் திட்டும் வாங்கிக்கொண்டு போவது ஊரில் அந்த ஒரு கடையில்தான் நடக்கும்.

சவர பிளேடு ஒன்றைப் பாதியாக உடைத்து, ரெக்சின் துண்டில் சுற்றி, சட்டைப் பையில் வைத்திருப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பிளேடு கூடவே வரும். கூடவே நூல் கோத்த ஊசி ஒன்று, சட்டைக் காலரின் உள்பக்கம் குத்தியிருக்கும். கடையில் யாராவது தைத்து முடித்தால் பக்கத்தில் வந்து நிற்பார். ஓரத்தை விரலால் தடவுவார். எங்கேயோ ஒரு தையல் அரிசி அளவு விலகியிருக்கும். "பிரி" என்பார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கக் கூடாது. அந்தக் கடையில் வேலை பார்த்து ஓடிப்போனவர்களை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கவைத்து, அவரிடம் கற்றது என்ன என்று கேட்டால், எல்லோரும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட ஆளின் வீட்டில், கையால் செய்த பொருளைப் பரிசாகக் கொடுக்கிற ஒரு நாள் இருந்தால் அது எப்படி இருக்கும்? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இருந்தது. வருஷக் கடைசியில் கடைத்தெரு முழுக்க ஒரு வாரம் கதவடைக்கும். அந்த வாரத்தில் ஒரு நாள் குடும்பம் மொத்தமும் கூடும். ஆரம்பித்து வைத்தவர் பிளேடுக்காரரின் அப்பா. கடையில் வாங்கியது எதுவும் அன்று வீட்டுக்குள் வரக் கூடாது, ஒவ்வொருவரும் கையால் ஒன்றைச் செய்து ஒருவருக்குக் கொடுக்க வேண்டும், இதுதான் சட்டம். பாவம், நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தார். அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் அதைச் சண்டை நாளாக்கிவிட்டார்கள்.

எப்படி என்றால், பிளேடுக்காரர் யார் எதைக் கொடுத்தாலும் அங்கேயே புரட்டிப் போட்டுப் பார்ப்பார். "இந்த முடிச்சு நிக்காது" என்பார். "இது என்ன, பையா, எலிப் பொறியா?" என்பார். கொடுத்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். சில வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, எப்படியும் குறை சொல்லத்தானே போகிறான், நாமே ஒரு குறையை வைத்துக் கொடுத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

முதலில் தொடங்கியவள் அவருடைய அக்கா. அக்கா கம்பளி நூலில் கையுறை பின்னிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தால் வலது கையில் ஆறு விரல்.

"என்ன இது?" என்றார் பிளேடுக்காரர்.

"உனக்கு அஞ்சு விரல் வேலை செய்யறதுக்கு. ஆறாவது அடுத்தவங்களக் குத்திக் காட்டறதுக்கு. பத்தாம போயிடக் கூடாதுன்னுதான் சேர்த்துப் பின்னினேன்."

அடுத்த வருஷம் அக்கா புருஷன் ஒரு முக்காலி செய்து கொடுத்தார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அளவு தெரியாத ஆள் இல்லை. ஆனால் முக்காலியின் ஒரு கால் கட்டை. டீயும் கையுமாக உட்கார்ந்த பிளேடுக்காரர், டீயும் கையுமாகத் தரையில் கிடந்தார். "பார்த்து உட்காரு மச்சான், எதையும் அளந்து பார்க்குற ஆளாச்சே நீ" என்றார் அத்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் பரிசில் ஒரு குறை இருந்தால் அது கைத்தவறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. பரிசு கைக்கு வந்ததும் நன்றி சொல்வதற்கு முன்னால் குத்து எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.

பிளேடுக்காரர் மட்டும் பதிலுக்குக் குறை வைத்ததே இல்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. தப்பாகத் தைக்க அந்தக் கைக்குத் தெரியாது, அதுதான் விஷயம். அவர் கொடுத்ததை எல்லோரும் புரட்டிப் புரட்டித் தேடுவார்கள். ஒரு நூல் பிசிறுகூட அகப்படாது. அவர் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் வைத்த குத்தையெல்லாம்விட அதுதான் அதிகம் வலிக்கும்.

இதில் அடிபட்டவள் மகள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடையில் வந்து உட்கார்ந்தவள் அவள். அப்பனின் கை அப்படியே வந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அதே நாளில், அப்பாவின் நாற்காலிக்கு ஒரு உறை தைத்து வைத்தாள். அதில் குத்து கிடையாது. ஆசை ஆசையாகத் தைத்தது. அன்று அவளைப் பெண் கேட்டு ஒரு பையனும் அவன் அம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே பிளேடுக்காரர் உறையைப் புரட்டினார். மூலையில் ஒரு மடிப்பு ஒதுங்கியிருந்தது. பையிலிருந்து பிளேடை எடுத்தார். சர்ரென்று ஓரம் முழுக்கக் கிழித்தார்.

"எத்தனை வருஷமா சொல்லித் தரேன்? பிரி. மறுபடி தை."

மகள் பிரிக்கவில்லை. கத்தரியை மேஜைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். அந்தப் பையனையே கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பையன், வாய் திறந்து பேசாத பையன். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. கூப்பிடவில்லை என்று இவர் சொல்வார். கூப்பிட்டார்கள், இவர்தான் வீம்புக்குப் போகவில்லை என்று இவர் மனைவி சொல்வாள். மனைவிதான் மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். தாத்தன் கண்ணால் பார்த்தது போட்டோவில் மட்டும்தான்.

வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் வாய்விட்டு ஒரு நாள் கேட்டேவிட்டார்: "அந்தக் குட்டி என்னைப் பத்திக் கேக்குமா?"

"கேக்கும். தாத்தா செத்துட்டாரான்னு கேட்டுச்சு" என்றாள் மனைவி. அவளுக்கும் நாக்கு நீளம்தான்.

அந்த வருஷம் பரிசு நாளுக்கு வர மகளைச் சம்மதிக்கவைத்துவிட்டு வந்து நின்றாள் மனைவி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடை நடுவில் நின்று சொன்னாள்.

"இங்க பாருங்க. அவ வரா. புருஷன், குட்டி எல்லாரும் வராங்க. உங்களுக்கு அவளே ஏதோ தச்சுக் கொண்டுவரா. வாங்கி மடில வச்சுக்கிட்டு நல்லா இருக்குன்னு சொல்லணும். குறைன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சு, அன்னைக்கே நான் அவளோட கிளம்பிடுவேன். அப்புறம் உங்க பிளேடும் நீங்களும் ஒண்ணா குடித்தனம் பண்ணுங்க."

"போறதுன்னா இப்பவே போ."

"வாய மட்டும் இப்படி வச்சிருங்க. குட்டியப் பார்க்கணுமா வேண்டாமா?"

மனைவி சொன்னால் செய்கிற ஜாதி என்று அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலமே நல்ல தேக்குச் சட்டமாகப் பொறுக்கி எடுத்து, பேத்திக்கு ஒரு குட்டி நாற்காலி செய்ய உட்கார்ந்தார். சின்னக் கை வைக்கிற இடத்தில் இரண்டு மடங்கு பஞ்சு வைத்தார். ஆணித் தலை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. ஒரு குழந்தை உட்கார்ந்து காலை ஆட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, இரண்டு விரலை அதன்மேல் உட்காரவைத்து ஆட்டினார். கடைப் பையன்கள் பார்த்துவிட்டார்களோ என்று உடனே ஒருவனைத் திட்டினார்.

அந்த நாளும் வந்தது. கடைக்கு மேலே இருக்கிற வீட்டில் நீள மேஜையைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அக்கா வந்ததும் வராததுமாக, "என்னடா, வாயில பூட்டு போட்டிருக்கியாமே? சாவி யார்கிட்ட?" என்றாள். பிளேடுக்காரர் பல்லைக் கடித்தார். அத்தான் சுவரில் மாட்ட ஒரு கடிகாரப் பெட்டி செய்து கொண்டுவந்திருந்தார். அதன் கதவு மூடவே மூடாது. "உன் வாய் மாதிரி" என்றார். பிளேடுக்காரர் அதற்கும் பல்லைக் கடித்தார். மனைவி அடுக்களை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மகள் படியேறி வந்தாள். அப்பாவைப் பார்த்து "வந்தோம்" என்றாள். "உக்காருங்க" என்றார் இவர். இரண்டு பேரும் தபால்காரரிடம் பேசுவதைப் போலத்தான் பேசிக்கொண்டார்கள். மருமகன் ஒரு மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். குட்டி மட்டும் நேரே அவர் முன்னால் வந்து நின்று, ஏற இறங்கப் பார்த்தது.

"நீதான் தாத்தாவா? நீ திட்டுவேன்னு அத்தைப் பாட்டி சொன்னாங்க."

"அவ கிடக்கா" என்றார் பிளேடுக்காரர். நாற்காலியை இழுத்து முன்னால் வைத்தார். குட்டி ஏறி உட்கார்ந்தது. காலை ஆட்டியது. அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் பையிலிருந்து ஒரு குஷனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். நீலத் துணி. "கடையில உக்கார்ந்தா முதுகு வலிக்குதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அக்கா கழுத்தை நீட்டினாள்.

"தாத்தா, சாப்பிட்டதும் உன்கிட்ட ஒண்ணு கேப்பேன்" என்றது குட்டி. சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. குழந்தை ஏதோ உளறுகிறது என்று அவர் நினைத்தார். அவர் விரல் அதற்குள் ஓரத்தில் போய்விட்டது.

முதல் ஓரம், தங்கம். இரண்டாவது, மூன்றாவது, இரண்டும் தங்கம். மூலை மடிப்பு அவருடைய மடிப்பு. அவர் தைத்ததா மகள் தைத்ததா என்று அவருக்கே தெரியாது. கை மறக்கவில்லையே என்று நெஞ்சு விம்மியது. நாலாவது ஓரத்துக்கு விரல் வந்தது. நின்றுவிட்டது.

நீலத் துணியில் சிவப்பு நூல். ஒரு தையல் விரல் நீளம், அடுத்தது கடுகளவு. ஒன்று கிழக்கே போனால் இன்னொன்று மேற்கே. முடிச்சு வெளியே, கொழுக்கட்டை மாதிரி. ஒரு இடத்தில் துணி சுருண்டு, உள்ளே இருக்கிற பஞ்சு எட்டிப் பார்த்தது.

அவருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. மூன்று ஓரம் இப்படித் தைக்கத் தெரிந்தவள் நாலாவதை இப்படித் தைப்பாளா? வேண்டுமென்றே வைத்திருக்கிறாள். அக்காவுக்கு ஆறாவது விரல், அத்தானுக்குக் கட்டைக் கால், இவளுக்கு இது. ஆறு வருஷம் கழித்து வந்து, எல்லோர் எதிரிலும், உன்னால் முடிந்தால் வாயைத் திற பார்க்கலாம் என்கிறாள். சரிதான், என் ரத்தம்தானே, வேறு எப்படி இருக்கும்?

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார் பிளேடுக்காரர்.

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மகள் முகத்தில் ஒரு நொடி ஏதோ இளகியது. மனைவி அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். "சாப்பிட வாங்க" என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தபோது அதில் சந்தோஷம் வழிந்தது.

எல்லோரும் மேஜைக்குப் போனார்கள். "நீங்க ஆரம்பிங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு பிளேடுக்காரர் பின்கட்டு அறைக்குப் போனார். கையில் குஷன் இருந்தது.

அதை அப்படியே வைத்திருக்க அவரால் முடியவில்லை. பல்லில் நார் மாட்டிக்கொண்டதைப் போல அந்த ஓரம் அவரைப் படுத்தியது. அதைவிட, வாயைத் திறக்காமலே ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி. நீ கோணலாகத் தைத்து என்னைச் சீண்டினாயா? இரு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வீட்டுக்குப் போகிறபோது பார், நாலு ஓரமும் நேராக இருக்கும். அப்போது உனக்குப் புரியும், உன் அப்பன் யார் என்று. பிளேடை எடுத்தார். சிவப்பு நூலை ஒவ்வொன்றாக அறுத்து உருவினார். நூல் துண்டுகளைத் தரையில் போடுகிற பழக்கம் இல்லாததால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலரில் இருந்த ஊசியில் நீல நூல்தான் இருந்தது. குழம்பு ஆறுவதற்குள் ஓரம் முடிந்துவிட்டது. தடவிப் பார்த்தார். தையல் இருப்பதே விரலுக்குத் தெரியவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

குஷனைக் கூடத்தில் தன் நாற்காலியில் வைத்துவிட்டு வந்து இரண்டு பங்கு சாப்பிட்டார். மருமகனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றுகூடச் சொன்னார். மருமகன் பயந்துபோய்ப் போட்டுக்கொண்டான்.

கை கழுவிவிட்டு வந்ததும் குட்டி குஷனைத் தூக்கி வந்தது. "தாத்தா, இப்ப கேக்கப் போறேன். இதுல நான் தச்சது எது, சொல்லு பாக்கலாம்?"

பிளேடுக்காரருக்கு முதலில் விளங்கவில்லை.

"அம்மா மூணு பக்கம். நான் ஒரு பக்கம். யாரும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். ஊசி குத்தி ரத்தம்கூட வந்துச்சு. எந்தப் பக்கம்? நீயே கண்டுபிடி" என்று சொல்லிக்கொண்டே குட்டி குஷனைத் திருப்பியது. ஒரு பக்கம் பார்த்தது. மறுபக்கம் பார்த்தது. நாலு பக்கமும் சுற்றியது. திரும்பவும் சுற்றியது. "அம்மா, என் சிவப்பு நூல் எங்கம்மா?"

மகளின் பார்வை அவர் சட்டைப் பைக்குப் போனது. பை ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்நாளில் வாய்க்காது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று பிளேடுக்காரர் மகளைப் பார்த்துக் கத்தினார். கத்துவதைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? "நீ வேணும்னே தச்சேன்னு நினைச்சேன்! இந்த வீட்டுல எல்லாரும் அப்படித்தானே பண்ணுறாங்க! குழந்தை தச்சதுன்னு கண்ணக் காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருந்தா விட்டிருப்பீங்க" என்றாள் மகள். குரல் ஏறவே இல்லை. "யார் தச்சதுன்னு தெரிஞ்சாதான் விட்டு வைப்பீங்களாப்பா? நானே தச்சிருந்தா பிரிச்சது சரியா?"

பிளேடுக்காரர் தொங்கிய நூலைப் பைக்குள் திணித்தார்.

மனைவி அடுக்களை விளக்கை அணைத்தாள். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தோளில் பை இருந்தது.

"நான் வாயத் திறக்கவே இல்லையே!" என்றார் பிளேடுக்காரர். "ஒரு குறை சொன்னேனா? சொல்லுங்க யாராவது! ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லியிருந்தாலும் அவ தையலாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் மனைவி. "செருப்பப் போடு குட்டி."

குட்டி போடவில்லை. அழவும் இல்லை. குஷனைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தது. "திருப்பித் தை. என்னுது மாதிரி."

பிளேடுக்காரர் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து சிவப்பு நூல்களை எடுத்துப் பார்த்தார். எல்லாம் துண்டு துண்டாக அறுந்து கிடந்தன, ஒன்றும் ஆகாது. வேறு சிவப்பு நூல் எடுத்துக் கோத்தார். தான் தைத்த ஓரத்தைப் பிளேடால் பிரித்தார். தைத்தார். குட்டி குனிந்து பார்த்தது.

"நேரா இருக்கு. பிரி."

அவர் பிரித்தார். மறுபடி தைத்தார். கோணலாகத்தான் போக வேண்டும் என்று கையிடம் சொன்னார். முதல் தையல் கோணியது. இரண்டாவது பாதி கோணியது. மூன்றாவதிலிருந்து ரயில் தண்டவாளம் மாதிரி நேராக ஓடியது.

"பிரி தாத்தா."

கண்ணை மூடிக்கொண்டு தைத்தார். அப்போதும் தையல் நேராகவே விழுந்தது.

"உனக்குத் தெரியல" என்றது குட்டி. திட்டாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னது. "என்னுது மாதிரி வந்ததும் எடுத்துட்டு வா." செருப்பைப் போட்டுக்கொண்டது. நாற்காலியை எடுத்துக்கொள்ளவா என்று அம்மாவைப் பார்த்தது. மகள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மருமகன் முன்னால் இறங்கினான். மனைவி கடைசியாக இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கீழே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அத்தான் மூடாத பெட்டிக் கதவை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு காலம் ஆயிற்று அப்படி உட்கார்ந்து.

"கொடு இப்படி" என்றாள். "நான் தச்சுத் தரேன். எனக்கு ஒரு நாளும் நேரா வந்ததில்லைன்னு நீதானே சொல்லுவே. ஒரு நிமிஷத்துல கோணலா தச்சுடுவேன். கொண்டுபோய்க் குட்டிகிட்டக் கொடு."

பிளேடுக்காரர் குஷனை விடவில்லை.

"உன் கோணல் வேறக்கா" என்றார். "இது அவ கோணல்."

மூக்கை உறிஞ்சினார். பிளேடை எடுத்து, நேராக வந்திருந்த தையலை மறுபடி பிரிக்க ஆரம்பித்தார்.